வெள்ளிக்கிழமை முகம்

என் மகளுக்குக் காது குத்துவதற்கு முந்தின நாள் காலையில், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரே அவளுக்குப் பிளெக்ஸ் கட்டியிருந்தது. இரண்டு மாடி உயரம். 'எங்கள் குலக்கொழுந்து பொன்னியின் காதணி விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கும் தாய்மாமன் சுடலைவேந்தன், ஓமன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பெற்றோர் என்று ஆவுடைராஜ், நறுமுகை என எங்கள் இருவர் பெயரும் இருந்தன. பெயர் சரி, தேதி சரி, கோயில் சரி. ஓரத்தில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்ற என் மச்சினன்கூடச் சரி. நடுவில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைதான் என் குழந்தை இல்லை.

பிளெக்ஸைத் தடை செய்து ஒரு தலைமுறை ஆகிறது. இப்போதெல்லாம் வாழைநார்த் துணியில்தான் அடிக்கிறார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பிளெக்ஸ்தான், அது இல்லாமல் ஒரு விசேஷமும் நடக்காது. பணிமனையில் மின்பேருந்துகளுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிவிட்டு, ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்துகொண்டிருந்த நான், வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். நல்ல அழகான பிள்ளை. கன்னத்தில் குழி, எள்ளுப்பூ மூக்கு, பொன்னியைவிட ஒரு சுற்று நிறம். என் பொன்னிக்கு மூக்கு சப்பை, காது இரண்டும் என்னைப்போலவே விடைத்துக்கொண்டு நிற்கும். அது யார் என்று எனக்குத் தெரியும். அதாவது, அது யாரும் இல்லை என்று தெரியும். 

நேராக அச்சடித்த காஜா மைதீன் கடைக்குப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி! பாத்துட்டியளா? உங்க மச்சினன் ஓமன்ல இருந்து படத்தை அனுப்பி, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, எங்க அக்காவும் அத்தானும் அசந்து போகணும்னு சொல்லிட்டாரு."

"அசந்துதான் போனேன். ஏன் காஜா, சின்னப் பிள்ள முகத்தை ரோட்டுல அடிச்சு வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா?"

"இருக்கு. அதுக்குத்தான மிஷின்லயே பூட்டு வச்சிருக்கான். நெசமான பிள்ள முகம்னா சிவப்பு லைட்டப் போட்டுட்டு நின்னுரும், நான் தலைகீழா நின்னாலும் அடிக்காது. இது பச்சை காட்டிச்சு. சரி, முறைப்படி அனுமதி வாங்கிருப்பாகன்னு நானும் அடிச்சுட்டேன்."

"பச்சை ஏன் காட்டிச்சுன்னா, அது பிள்ளையே இல்ல. மாத்து முகம்."

காஜா மை படிந்த விரலை மூக்கில் வைத்தான். ஏதோ பெரிய வியாதியைப் பற்றிக் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினான்.

"அப்ப, உங்க மச்சினனை வெளி வளையத்துலயா வச்சிருக்கிய? தாய்மாமனையா?"

நான் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். 

வளையம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் பெற்றவர்கள் பிள்ளைகளின் படங்களைக் கண்ட இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிக்கிற படம், அழுகிற படம், பள்ளிக்கூட வாசலில் பெயர்ப் பட்டையோடு நிற்கிற படம், எல்லாம். பிறகு நகல் பிள்ளைகள் வந்தன. கொஞ்சம் படங்கள் கிடைத்தால் போதும், அந்தப் பிள்ளை பேசுவதுபோல, கெஞ்சுவதுபோல, எங்கே வேண்டுமானாலும் கிடப்பதுபோலச் செய்துவிடுவார்கள். நறுமுகையோடு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த ஜெனிபாவின் மகனை அப்படித்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்து, தெரியாத பாஷையில் நன்கொடை கேட்டு அழுதான் அவன். ரயிலில் யாரோ பார்த்துக்கொண்டிருந்த போனில் அது ஓடியபோது, நிஜப் பையன் அம்மா மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் செத்துப் போயிருவேனா?" என்று கேட்டானாம். ஜெனிபா இதைச் சொல்லி அழுதபோது நறுமுகைக்கு ஏழாம் மாதம். அன்றைக்கு இவளும் சாப்பிடவில்லை.

இந்த மாதிரி அக்கிரமங்களால்தான் சட்டம் வந்தது, அதன் பின்னாலேயே வளையமும் வந்தது. உள் வளையத்தில் இருப்பவர்களுக்குப் பிள்ளையின் நிஜ முகம் தெரியும். ஆனால் அவர்கள் போனில் வேறொரு கண் எட்டிப் பார்த்தால் திரை கறுத்துவிடும். வெளி வளையத்தில் இருப்பவர்களுக்கு, இயந்திரம் பிள்ளைக்கென்று செய்து வைத்திருக்கிற ஒரு மாற்று முகம் தெரியும். பிள்ளை சிரித்தால் அது சிரிக்கும், பிள்ளை வளர்ந்தால் அதுவும் வளரும். வீடியோவில் பேசும்போதும் அதே முகம்தான். குரலை மாற்றும் வசதி அடுத்த பதிப்பில் வரும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், தான் வெளியே இருப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. இதைச் செய்தவர்கள் நம்மவர்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்குச் சாகிறவரை பேசாமல் இருக்கிற ஜனத்துக்கு, எது தெரியக் கூடாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வேந்தன் தங்கமான பையன். ஆனால் சந்தோஷத்தை அவனால் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. நறுமுகையின் ஸ்கேன் படத்தையே பாட்டுப் போட்டு, ஆஸ்பத்திரி பெயரும் பிரசவத் தேதியும் சேர்த்து, ஊர்க் குழு, பள்ளிக்கூடக் குழு, ஓமனில் அவன் தங்கியிருந்த கேம்ப் என்று ஒன்றுவிடாமல் அனுப்பி வைத்தவன். பொன்னி பிறந்த அன்று நறுமுகை அவன் பெயரை வெளி வளையத்தில் போட்டாள். "கொஞ்ச நாளைக்குத்தாங்க. அவனுக்குப் புத்தி சொல்லிட்டு உள்ள எடுத்துக்கிடுவோம்" என்றாள். கொஞ்ச நாள் நாலு வருடம் ஆகிவிட்டது. அவனுக்கு இரண்டு தடவை லீவு கிடைத்துக் கடைசி நேரத்தில் தட்டிப்போனது. ஓமனில் வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குத் தவறாமல் கூப்பிட்டு மருமகளோடு பேசுவான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உண்மையைச் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போனது.

வீட்டுக்குப் போய், எடுத்து வந்த பிளெக்ஸ் படத்தை நறுமுகையிடம் காட்டினேன். சீர்த்தட்டுக்கு வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்.

"பாத்தியளா? இதுக்குத்தான பயந்தேன்! நெசமான படம் கையில இருந்திருந்தா அதையும் இப்படித்தான நடுரோட்டுல கட்டியிருப்பான்?"

"காஜா மிஷின் அடிச்சிருக்காது."

"இவன் வேட்டியில வரைஞ்சாவது கட்டிருவான்."

பிறகுதான் அவள் முகம் மாறியது. அன்றைக்கு அவன் வந்து இறங்குகிறான். வந்ததும் தனியாக உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் தனியாக எங்கே சொல்ல? போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. உள் வளையத்தில் இருந்த என் சித்தி, "ஏல ராசு, யாரு பிள்ளைக்குல காது குத்துத?" என்று கேட்டாள். வெளி வளையத்தில் இருந்த நறுமுகையின் பெரியம்மா, "படம் ரொம்ப லெட்சணமா இருக்குட்டி, சுத்திப் போடு" என்றாள். மத்தியானத்துக்குள் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேசி, யார் உள்ளே, யார் வெளியே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு துணி நாறடித்துவிட்டது.

"அவுத்துருவோமா? மழைக்குக் கிழிஞ்சிட்டுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

"ஆசை ஆசையா கட்டியிருக்கான். நான் செஞ்சதுக்கு அவன் பேர எதுக்கு அவுக்கணும்? இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் வெறுத்துட்டுப் போயிட்டான்னா எனக்குன்னு பொறந்த வீட்டுல யாருமில்லங்க."

அதுதான் விஷயம். அம்மா போனபோது வேந்தன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவனுக்குச் சோறு போட்டு, அடித்து, படிக்க வைத்து, விமானம் ஏற்றி விட்டவள் இவள்தான். நாளைக்குப் பொன்னி தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், அது சடங்கு. ஆனால் அவள் பயந்தது சடங்குக்காக இல்லை, தம்பிக்காக.

தூத்துக்குடி விமான நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். நறுமுகை முன்னால் போய் அவனிடம் விஷயத்தைச் சொல்வது, அதுவரை நான் பொன்னியைத் தூரத்தில் பிடித்து வைத்திருப்பது என்று ஏற்பாடு. என்னிடம் எந்த ஏற்பாட்டை ஒப்படைத்தாலும் இந்த லட்சணம்தான். கண்ணாடிக் கதவு திறந்து வேந்தன் தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும், பொன்னி என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

"மாமா!"

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நாலு வருடமாகக் கேட்ட குரல் அல்லவா? இரண்டு கையையும் விரித்துவிட்டான். விரித்த கையோடு அவளுக்கு மேலாக, அவளைத் தாண்டி, கூட்டத்தில் தேடினான். பொன்னி போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்து, தெரியாத பிள்ளையிடம் பேசுகிற தன்மையோடு, "பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கம்மா, எங்க மருமக வாரா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேடினான்.

"மாமா, நான்தான் மாமா!"

குரல் அந்த வாயிலிருந்துதான் வந்தது. வேந்தன் எப்போதோ கைவிட்டிருந்த தள்ளுவண்டி தானாக உருண்டுபோய் ஒரு தூணில் முட்டி நின்றது. அவன் மண்டியிட்டு அவள் முகத்தையே பார்த்தான். நறுமுகை அதற்குள் பக்கத்தில் போய்விட்டாள்.

"எக்கா, இது யாரு?"

 இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பொன்னிதான், "பொன்னி!" என்று கத்திச் சிரித்தாள்.

காரில் நறுமுகை எல்லாவற்றையும் சொன்னாள். ஜெனிபா மகனைச் சொன்னாள், ஸ்கேன் படத்தைச் சொன்னாள், கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்ததைக்கூடச் சொன்னாள்.  பின் சீட்டில் பொன்னி அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். பஸ் ஸ்டாண்டு வந்ததும், "அத்தான், வண்டிய நிறுத்துங்க" என்றான்.

பிளெக்ஸுக்கு நேர் கீழே ஒரு டீக்கடை. நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். பொன்னி விழித்துக்கொண்டு மேலே காட்டினாள்.

"அப்பா, எம் பேரு போட்டிருக்கு. அந்த அக்கா யாரு?"

நான் அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வேந்தன் மேலே பார்த்துக்கொண்டே பேசினான். சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் அவகிட்டதான பேசிருக்கேன். அவளுக்குக் காய்ச்சல்னு கேட்டு அங்க உக்காந்து அழுதிருக்கேன். அவ இல்லவே இல்லக்கா."

"உன்னால ஊரெல்லாம் காட்டாம இருக்க முடியாதேடா" என்றாள் நறுமுகை.

"முடியாதுதான். நான் இல்லன்னு சொல்லலியே. அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்லா? நாலு ஏச்சு ஏசிருக்கலாம்லா? விளக்குமாத்தால அடிச்சு வளத்தவதான நீ? திடீர்னு என்கிட்ட என்னக்கா உனக்கு மரியாதை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பன்னைக் கடித்துக்கொண்டிருந்த பொன்னியின் தாடையைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"அவ அழகா இருப்பா. இவ நம்ம அம்மா மாதிரி இருக்கா. அப்படியே அம்மா முகம்க்கா இது. நாலு வருசமா அம்மா முகத்தைப் பாக்கவிடாம பண்ணிட்டியே."

இதை நாங்கள் இருவரும் யோசித்ததே இல்லை. தினமும் பார்க்கிற முகத்தில் யார் சாயல் இருக்கிறது என்று யார் யோசிக்கிறார்கள்? நறுமுகை விசும்பிக்கொண்டே கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"இப்பவே உன்னைய உள்ள எடுத்துருதேன்டா. ஒரு தடவை தொட்டாப் போதும். பழைய படம் பூராவும் இவ முகமா மாறிரும். அந்த முகம் உன் போன்ல எங்கயும் இருக்காது."

அவன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாம். தொடாத."

"ஏன்டா?"

"தொடாதன்னா தொடாத." எழுந்து போய்க் காரிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டான். "நான் லாட்ஜ்ல தங்கிக்கிடுதேன்."

"நாளைக்கு வருவல்லா?" என்று அவள் கேட்டபோது அவன் பாதி ரோட்டைத் தாண்டியிருந்தான். நடந்து போனவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். எங்களையா, மேலே இருந்த பிள்ளையையா என்று தெரியவில்லை. நறுமுகை அன்று முழுவதும் அடுப்படியில் ஏதோ ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை.

மறுநாள் சாஸ்தா கோயிலில் பந்தி வைக்குமளவுக்குக் கூட்டம். எங்கள் மேல் இருந்த பாசத்தைவிட, வேந்தன் வருவானா என்று பார்க்கும் ஆசைதான் பல பேரை இழுத்து வந்திருந்தது. ஆசாரி தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொன்னிக்கு முடி எடுத்தாகிவிட்டது, மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. வெளி வளையத்துப் பெரியம்மா ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆனால் வராமல் இருக்கவில்லை. என் சித்தப்பா பொறுமை இழந்து, "பரமு இருக்கான், அவனும் முறைக்கு மாமன்தான். அவன் மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார்.

"இல்ல மாமா, இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்றாள் நறுமுகை. கண் ரோட்டின் மேலேயே இருந்தது.

டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான் வேந்தன். பட்டு வேட்டி, தோளில் துண்டு, கையில் சீர்ப் பை. கூட்டம் விலகி வழி விட்டது. அவன் எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே வேப்பமரத்தடிக்குப் போனான். அங்கே பொன்னி ஓர் ஆட்டுக்குட்டிக்கு மாலையைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டு வேட்டியோடு புழுதியில் சம்மணம் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எம் பேரு வேந்தன். உம் பேரு என்ன?"

பொன்னி அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"தெரியாது. நேத்துதான உன்னைய முதமுதலா பாத்தேன்."

"பொன்னி."

"உனக்கு என்ன பிடிக்கும்?"

"கடலை மிட்டாய். உங்களுக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. உங்க பல்லுல ஒண்ணு கட்டுன பல்லு."

"என்னையப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல." அவன் சீர்ப் பையைத் தரையில் வைத்தான். "என் மடியில உக்காருதியா? காதுல குத்துவாங்க. வலிக்கும்."

"கொஞ்சமா வலிக்குமா?"

"நல்லாவே வலிக்கும். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா சீக்கிரம் போயிரும்."

 பொன்னி மாலையின் மிச்சத்தை ஆட்டிடம் கொடுத்துவிட்டு, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தவன், அப்போதுதான் அக்காவைப் பார்த்தான்.

"எனக்கு இவ நேத்துதான் பொறந்திருக்கா. நேத்து உனக்கு நான் வாழ்த்துகூடச் சொல்லல" என்றான். நறுமுகை சிரித்தாள், அதே மூச்சில் அழுதாள், எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆசாரி கம்பியை எடுத்தார். முதல் காதுக்குப் பொன்னி கூரை பிய்ந்துபோகக் கத்தினாள். இரண்டாவது காதுக்கு வேந்தன் கையைக் கடித்து வைத்தாள். அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

பந்தி முடிந்து ஓய்ந்து உட்கார்ந்தபோது, நறுமுகை மறுபடியும் போனை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள். காதில் ரத்தப் பொட்டோடு மாமன் மடியில் இருந்த பொன்னியை அவள் படம் எடுத்திருந்தாள்.

"கோவம் போயிருச்சுல்லா? இப்பவாவது எடுத்துருதேன்."

"நேத்தும் கோவத்துல சொல்லலக்கா." அவன் கடி வாங்கிய கையைத் தடவிக்கொண்டான். "என்கூட ரூம்ல எட்டுப் பேரு. ஒருத்தன் நேபாளி, அவன் பிள்ளைய மாமியார் வீட்டுல வச்சுக்கிட்டுக் காட்டவே மாட்டாங்க. ஒருத்தன் ஆந்திரா, அவன் மக தண்ணியில போயிட்டா. ஒருத்தருக்கு வயசாச்சு, பிள்ளையே கிடையாது. வெள்ளிக்கிழமை நான் போனை எடுத்தா எட்டுப் பேரும் குளிச்சிட்டு வந்து உக்காந்திருவானுவ. அவளுக்கு முதப் பல்லு முளைச்சப்ப நேபாளி எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தான். அவ அவனுவ பிள்ளக்கா. நீ தொட்டா ஒரு நொடியில அவ செத்துருவா."

நறுமுகை போனைக் கீழே வைத்தாள்.

"அவங்களையும் வெளி வளையத்துல சேத்துருதேன். அவங்கவங்க போன்ல பாத்துக்கிடட்டும்."

"தனியாப் படுத்துக்கிட்டுப் பாக்கதுக்கு அவ எதுக்கு? ஒரே போனைச் சுத்தி ஒம்போது தலை முட்டணும், அதுலதான இருக்கு. நீ என்னைய உள்ள எடுத்தா, அவனுவ எட்டிப் பாத்ததும் திரை கறுத்துரும். ஒருத்தனுக்கு ஒரு வளையம்தான, ரெண்டுலயும் இருக்க முடியாதுல்லா? அப்ப என்னைய வெளியிலயே வையி. ஆனா அவ மாத்து முகம்னு அவனுவகிட்ட நான் சொல்லிருவேன். சொல்லாம காட்ட மாட்டேன்."

"உனக்கு அம்மா முகம் வேண்டாமா?"

அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டைத் தலையைப் பார்த்தான். "லீவுக்கு லீவு வாரேன். நேர்ல பாக்கதுக்கு எவன் வளையம் போடுவான்?"

நான் எத்தனையோ தடவை அவனை ஓட்டை வாயன் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஓட்டை வாயனைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அவன் ஊருக்குத் திரும்பிய வாரத்தில் நறுமுகை ஒரு காரியம் செய்தாள். வெளி வளையத்தில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நீங்கள் வெளியே இருக்கிறீர்கள், இன்ன காரணத்தால் இருக்கிறீர்கள் என்று நேராகச் சொன்னாள். நல்ல மண்டகப்படி கிடைத்தது. பெரியம்மா இன்னும் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. என் அண்ணன் மட்டும், "நல்லதும்மா, என் போனை நாலு பேரு நோண்டுதானுவ, நான் வெளியிலயே இருக்கேன்" என்றான். தானும் வெளியேதான் இருந்ததைக் கேட்டு ஜெனிபா அழுதுகொண்டே சிரித்தாள். பொன்னிக்கும் விவரம் சொல்லியாகிவிட்டது. தனக்கு இன்னொரு முகம் இருப்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. பிளெக்ஸை அவிழ்க்கும்போது, அக்காவை மடித்து வைக்கச் சொல்லி அழுதாள்.

வெள்ளிக்கிழமைப் பேச்சு இப்போதும் நடக்கிறது. ரூம்காரர்களிடம் வேந்தன் உண்மையைச் சொன்னபோது எட்டுப் பேரும் மாறி மாறி அந்தப் போனையே பார்த்தார்களாம். கடைசியில் அந்த வயதானவர், "சரி, பிள்ளைக்குக் காது ஆறிருச்சா?" என்று கேட்டாராம். அடுத்த வாரமும் எட்டுப் பேரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் திரையில் அவர்கள் ஒன்பது பேரும் தெரிவார்கள். பொன்னி கம்மலை ஆட்டிக் காட்டி, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அளப்பாள். எட்டுப் பேரும் கண்ணை அகல விரித்து அவர்களுடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் வேந்தன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முதல் தடவை பார்த்தபோது வேலை அலுப்பில் தூங்கிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். பொன்னியும் அப்படித்தான் நினைத்தாள்.

"மாமா, தூங்குதியளா?"

"இல்லட்டி. உன்னையத்தான் பாத்துட்டு இருக்கேன். நீ பேசு."